‘ஃபூக்கோவின் ஊசல்’: பாதி பிடித்தது, பாதி சோர்வைத் தந்தது

பாறசாலை வாசகர்:
உம்பர்த்தோ எக்கோ 1988இல் இத்தாலிய மொழியில் எழுதிய ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருவனந்தபுரம் மாநில மத்திய நூலகத்திலிருந்து எடுத்துவந்து, வேலைக்குப் போய்வரும் ரயிலிலேயே படித்து முடித்தேன். மிலான் நகரப் பதிப்பகம் ஒன்றில் வேலை செய்யும் மூவர், மறைஞானப் பித்தர்கள் கொண்டுவந்து குவிக்கும் கையெழுத்துப் படிகளைப் படித்துச் சலித்துப்போய், 1307இல் பிரெஞ்சு மன்னன் சிறைபிடித்த டெம்ப்ளர்கள் என்னும் சிலுவைப் போர்த் துறவி வீரர்களில் தொடங்கி உலக வரலாறு முழுவதையும் ஒரே சதியாகக் கோத்து விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டை உண்மையென்று நம்பியவர்கள் அவர்களைத் துரத்துகிறார்கள். இந்தக் கரு என்னை விட்டு அகலவில்லை. ஆனால் 120 அத்தியாயங்களில் கதை நகரும் இடங்கள் மிகக் குறைவு. பிரேசிலின் கண்டோம்ப்ளே சடங்கு, ரசவாதம், யூத மறைஞானமான கபாலா என்று பேச்சு கிளைவிட்டுக்கொண்டே போகிறது. நூறு பக்கங்களையாவது மேலோட்டமாகத்தான் கடந்தேன். இவை நாவலுக்குத் தேவைதானா, இல்லை ஒரு பேராசிரியர் தம் படிப்பைக் கடைவிரிக்கிறாரா?

தோவாளைக்காரன்:
கடைவிரிப்பும் உண்டு, அண்ணன். அதை மறுக்க மாட்டேன். நானும் இருமுறை பாதியில் மூடிவைத்தவன்தான். என்றாலும் கதைசொல்லியின் காதலி லியா அந்தத் துண்டுச்சீட்டைப் படித்துக் காட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பிரான்ஸின் ப்ரோவேன் ஊரில் கிடைத்த சிதைந்த சீட்டில் டெம்ப்ளர்களின் அறுநூறு ஆண்டுத் திட்டமே ஒளிந்திருப்பதாக ஆண்கள் வியந்துகொண்டிருக்க, அது வைக்கோல் வண்டி, துணி, ரோஜாப்பூ என்று ஒரு வியாபாரி எழுதிவைத்த சரக்குக் கணக்கு என்று அவள் நிதானமாகச் சொல்கிறாள். ஓணத்துக்கு எங்கள் ஊர்ச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் பூ மூட்டைகளோடு ஒரு சீட்டும் போகும். அதுவும் அறுநூறு ஆண்டு கழித்து யார் கையிலாவது கிடைத்தால் இதே கதிதான். அத்தனை பக்கங்கள் நம்மையும் அலைக்கழித்து, நம்மையும் கொஞ்சம் நம்பவைத்த பிறகு வருவதால்தான் அந்தச் சீட்டுக்கு அவ்வளவு பலம். நூறு பக்கத்தில் எழுதியிருந்தால் அது ஒரு நல்ல நகைச்சுவைத் துணுக்காகவே நின்றிருக்கும்.

களியக்காவிளை வாசகி:
தம்பி சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. வாசகரைக் களைப்படையச் செய்வதே ஆசிரியரின் நோக்கம் என்று சொல்லிவிட்டால், எந்தச் சலிப்பான புத்தகத்தையும் காப்பாற்றிவிடலாம். லியாவும்கூட ஆண்களுக்குப் புத்தி சொல்வதற்கு வேண்டியபோது மட்டும்தானே வருகிறாள்? அந்த மூவரில் ஒருவனான பெல்போ தன் கணினியில் எழுதிவைக்கும் சிறுவயது நினைவுகள், குறிப்பாகப் போரின் முடிவில் கல்லறைத் தோட்டத்தில் அவன் எக்காளம் ஊதும் காட்சி, இவற்றில்தான் எனக்கு ஒரு நாவலாசிரியர் தென்பட்டார். ஆனால் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ பற்றிய பகுதியை அண்ணன் தாவிவிட்டிருந்தால் திரும்பிப் போய்ப் படியுங்கள். யூதர்கள் மீது பழிசுமத்திய அந்தப் போலி ஆவணம், மோரிஸ் ஜோலி 1864இல் வேறொருவரைச் சாடி எழுதிய நூலிலிருந்து திருடப்பட்டது என்பதை 1921இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டிய பிறகும், அதை நம்பியவர்கள் நம்பிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த ஒரு கிளைப்பேச்சில் விளையாட்டு எதுவும் இல்லை.

பாறசாலை வாசகர்:
நான் தாவிய பக்கங்களில் அதுவும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரேசில் பகுதியைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. தோவாளைத் தம்பி சொன்னதைப் படித்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. 2011இல் பத்மநாபசாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்ட நாட்களில், திறக்கப்படாத பி நிலவறையை நாகபந்தம் என்னும் மந்திரக்கட்டு காப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த என் மாமாவை மறுக்கத் தொடங்கிய நான், மறுக்கும் சுவாரசியத்தில் அந்தக் கதைக்கு இரண்டு கிளைகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இன்றும் அந்த இரண்டையும் என் பெயரைச் சொல்லியே பிறரிடம் சொல்லிவருகிறார்.