தங்கைக்கு பீட்டா தலசீமியா கேரியர், மாப்பிள்ளைக்கு ஹெச்பிஏ2 3.6%: இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கலாமா?

கேள்வி (வைகைக்கரை):
தங்கை 9 வாரக் கர்ப்பம். ஹீமோகுளோபின் 10.4, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 65, சிவப்பணு எண்ணிக்கை 52 லட்சம், ஹெச்பிஎல்சியில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஹெச்பிஏ2 (கேரியரிடம் உயரும் ஒரு ஹீமோகுளோபின் வகை) 5.4%. பீட்டா தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) கேரியர், அதாவது மாறிய மரபணு ஒன்றைச் சுமப்பவர் என்று எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் எடுத்தோம்: ஹீமோகுளோபின் 13.1, எம்சிவி 70, சிவப்பணு 59 லட்சம், ஹெச்பிஏ2 3.6%, ஹெச்பிஎஃப் (கருக்கால ஹீமோகுளோபின்) 0.8%. "கேரியர் இல்லை, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், மூன்று மாதம் மாத்திரை கொடுத்து மறுபரிசோதனை" என்கிறது ஆய்வகம். அதுவரை காத்திருக்கலாமா? என்ஐபிடி (தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும்) பரிசோதனையில் குழந்தைக்குத் தலசீமியா இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?

பதில் (சென்ட்ரிஃபியூஜ்):
காத்திருக்க வேண்டாம். மாப்பிள்ளையும் கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் வரலாம். மூன்று மாதம் கழித்தால் கர்ப்பம் 22 வாரத்தைத் தொட்டிருக்கும்.

மாப்பிள்ளையின் எண்களைச் சேர்த்துப் பாருங்கள். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுத்தால் 70 ÷ 5.9 = 11.9. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சாயும், மேலே போனால் இரும்புக் குறைவுப் பக்கம். இது வெறும் வடிகட்டிதான், தீர்ப்பு இல்லை. ஆனால் எம்சிவியை 70-க்கு இறக்கும் அளவு இரும்புக் குறைவு இருந்தால் ஹீமோகுளோபினும் நன்றாகக் குறைந்திருக்கும், சிவப்பணுவும் 59 லட்சம் இருக்காது. இங்கே அப்படி இல்லை.

ஹெச்பிஏ2 3.3 முதல் 3.9 வரை சந்தேக எல்லை, 4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கேரியர். 3.6-ஐ நார்மல் என்று முடிப்பது அவசரம். காரணம் பல: கேரியருக்கே இரும்புக் குறைவும் சேர்ந்தால் ஹெச்பிஏ2 கீழே இறங்கும். ஹெச்பிஏ2-ஐ உருவாக்கும் டெல்டா மரபணுவில் மாற்றம் இருந்தாலும் இறங்கும். இந்தியர்களிடம் காணப்படும் கேப்+1 போன்ற மௌன (அடையாளம் காட்டாத, லேசான) பீட்டா மரபணு மாற்றங்களில் அது உயராமலே இருக்கும். ஆல்ஃபா தலசீமியா (வேறு மரபணுவில் வருவது) கேரியர் என்றாலும் எம்சிவி மட்டும் குறையும். அதுவாக இருந்தால் இந்தக் குழந்தைக்குப் பெரிய கவலை இல்லை.

இன்றே ஃபெரிட்டின் எடுங்கள் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை; காய்ச்சல், அழற்சி இருந்தால் பொய்யாக உயரும்). அதன் முடிவுக்குக் காத்திராமல், இருவருக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 3 மி.லி. ரத்தம் எடுத்து ஹெச்பிபி (பீட்டா குளோபின்) மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் ஆய்வகத்திடம் சொல்ல வேண்டும். ஏற்றிய பின் மூன்று மாதத்துக்கு ஹெச்பிஎல்சி எண்ணை நம்ப முடியாது.

பதில் (நிலவன்_டிஎன்ஏ):
மேலே சொன்னதோடு ஒன்று: "பொதுவான 5 மாற்றங்கள்" தொகுப்பை மட்டும் செய்து நெகட்டிவ் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐவிஎஸ்1-5 என்ற மாற்றம் இந்தியாவில் மிகவும் அதிகம்தான், ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் நாம் தேடுவதே அபூர்வமானதை. ஹெச்பிபி முழு வரிசையறிதல் (மரபணுவின் எழுத்துகளை முழுவதும் படிப்பது) வேண்டும். அதிலும் 619 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீக்கம் போன்ற பெரிய நீக்கங்கள் நழுவிவிடும், ஆகவே அவற்றைப் பிடிக்கும் கேப்-பிசிஆர் அல்லது எம்எல்பிஏவும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டிலும் எதுவும் இல்லையென்றால் கருவைத் தொட வேண்டியதில்லை; குழந்தை அதிகபட்சம் தங்கையைப் போல கேரியராக இருக்கும்.

வழக்கமான என்ஐபிடி 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது. தலசீமியாவுக்கு அது பதில் சொல்லாது. கேரியோடைப்பும் (குரோமோசோம்களைப் படமெடுத்துப் பார்ப்பது) அப்படியே. அந்த அறிக்கையில் "லோ ரிஸ்க்" என்று பார்த்து நிம்மதியாகிவிடுபவர்கள் உண்டு.

பதில் (தாய்சேய்):
மாப்பிள்ளைக்கும் மாற்றம் இருந்தால் குழந்தைக்குப் பாதிப்பு வாய்ப்பு 25%, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனியாக. மாற்றத்தின் வகையும் முக்கியம். தங்கையினது கடுமையான மாற்றம், மாப்பிள்ளையினது கேப்+1 என்றால் குழந்தைக்கு வருவது பெரும்பாலும் இன்டர்மீடியா (நடுத்தர வகை). மாதந்தோறும் ரத்தம் ஏற்றும் மேஜர் அல்ல. முடிவெடுக்கும் முன் மரபணு ஆலோசகரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

கருப் பரிசோதனைக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் சிவிஎஸ் (நஞ்சுக்கொடித் திசு). 10 வாரத்துக்கு முன் செய்தால் கை கால் குறைபாட்டு அபாயம் என்பதால் செய்வதில்லை. தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குடநீர், 15–20 மி.லி. இரண்டிலும் கருச்சிதைவு வாய்ப்பு சற்றுக் கூடும், பழகிய கைகளில் 1%-க்கும் கீழ்.

பெரிய சறுக்கல் தாயின் திசு கலந்துவிடுவது. கலந்தால் கருவின் விடையில் தாயின் மாற்றமும் சேர்ந்து தெரியும். மைக்ரோஸ்கோப்பில் சுத்தம் செய்தார்களா, தாயின் ரத்தத்தோடு எஸ்டிஆர் (டிஎன்ஏ அடையாள) ஒப்பீடு செய்தார்களா என்று அறிக்கையில் பாருங்கள். தங்கை ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (கருவின் ரத்தத்துக்கு எதிர்ப்பு உருவாகாமல் தடுப்பது) மறக்கக் கூடாது.

1994-ன் பிசிபிஎன்டிடி (கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும்) சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய முடியும். ஜி படிவத்தில் தங்கையின் எழுத்து ஒப்புதல் வாங்குவார்கள், பாலினம் சொல்லமாட்டார்கள்.

தங்கைக்கு ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. தினமும் தருவது வழக்கம். இரும்பு? கேரியருக்கு இரும்பே ஆகாது என்பது தவறான பேச்சு. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் மாத்திரை தரலாம், இல்லையென்றால் வேண்டாம்.

பதில் (சென்ட்ரிஃபியூஜ்):
வைகைக்கரை, நீங்களும் ஒரு சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை), ஹெச்பிஎல்சி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை கேரியர் என்றால் உங்களுக்கும் 50% வாய்ப்பு.