மக்காச்சோளத்துக்கு டெம்போட்ரையோன்: ஒட்டும் திரவத்துக்குப் பதில் ஷாம்பு விடலாமா?

உடுமலைத் தோட்டம்:
மக்காச்சோளம் 18 நாள், நாலு இலை. சாரணையும் குதிரைவாலியும் மண்டிக் கிடக்குது. களைக்கொல்லி டெம்போட்ரையோன் 34.4% எஸ்சி (தண்ணியில கலக்குற கூழ் வகை) ஏக்கருக்கு 115 மி.லி. வாங்கியாச்சு. மருந்து இலையில ஒட்டிப் பரவ, கூட விடவேண்டிய 400 மி.லி. ஒட்டும் திரவம் கடையில் இல்லை. கடைக்காரர் சிலிக்கான் ஸ்பிரெட்டர் (மருந்தை இலையில பரப்புற திரவம்) தர்றேங்கிறார். பக்கத்துத் தோட்டத்துல ஷாம்பு விடுறாங்க. எது சரி? போர் தண்ணி, கடின நீர். போன பட்டத்துல பயிர் இலையில பழுப்புத் திட்டு விழுந்துச்சு, அது மருந்தாலயா?

களை நிர்வாகம்:
ஷாம்பு வேண்டாங்க. சோப்பு கடின நீரில் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து நாசிலை அடைக்கும். ஷாம்பு அந்த அளவு திரியாது, ஆனால் டேங்க் முழுக்க நுரை கட்டும். இலையை நனைக்குமே தவிர, மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்தை உள்ளே கொண்டுபோக உதவாது.

சிலிக்கானிலும் இதே குறைதான், வேறு விதத்தில். தண்ணீரைப் பரவவிடாமல் துளியாகக் குவித்து வைக்கும் பரப்பு இழுவிசை 72 மில்லிநியூட்டன்/மீட்டர். சாதாரண அயனியில்லா (மின்னூட்டம் இல்லாத) ஒட்டும் திரவம் அதைச் சுமார் 30க்கு இறக்கும், சிலிக்கான் 20–22க்கே இறக்கிவிடும். மருந்து இலை முழுக்கப் படர்வதைப் பார்த்தால் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு மெல்லிய படலம் வெயிலில் சீக்கிரம் காயும், காய்ந்த மருந்து இலைக்குள் இறங்குவது மெதுவாகிவிடும். அளவு கூடினால் இலையில் நிற்காமல் வழிந்து மக்காச்சோளக் குருத்துக்குள் தேங்கும், பயிருக்கு அங்கேதான் ஆபத்து.

இந்த மருந்துக்கு மெழுகை இளக்கி வழிவிடும் எண்ணெய் வகையோ அயனியில்லா வகையோ வேண்டும். மெத்திலேற்றிய விதை எண்ணெய் (வேதிமுறையில் மாற்றிய தாவர எண்ணெய்) நல்ல தேர்வு. களை நாலு இலையைத் தாண்டாதவரை, லேபிளில் சொன்ன திரவத்தையே இன்னொரு கடையில் தேடி வாங்குங்கள்.

தெளிப்பான்:
பழுப்புத் திட்டு எப்போது வந்தது என்று பாருங்கள். அடித்த ஓரிரு நாளில், துளி விழுந்து காய்ந்த இடத்தில் மட்டும் கருகியிருந்தால் அது ஒட்டும் திரவத்தின் வேலை. அடுத்து வரும் இலை சுத்தமாக இருக்கும். ஒரு வாரம் கழித்துப் புதுக் குருத்து வெளுத்து வந்தால்தான் டெம்போட்ரையோன்.

கருகலுக்குப் பெரும்பாலும் தண்ணீரைக் குறைப்பதே காரணம். 400 மி.லி. என்பது 200 லிட்டர் தண்ணீருக்கு, அதாவது 0.2%. விசைத்தெளிப்பானில் 60 லிட்டரோடு முடித்தால் அதே 400 மி.லி. 0.67% ஆகிவிடும். களைக்கொல்லிக்கு ஏக்கர் கணக்கு, ஒட்டும் திரவத்துக்குத் தண்ணீர்க் கணக்கு. கைத்தெளிப்பானில் 10 லிட்டர் டேங்குக்கு மருந்து 6 மி.லி., திரவம் 20 மி.லி. பாதித் தண்ணீர், பிறகு கரைத்த மருந்து, மீதித் தண்ணீர், கடைசியில் திரவம். முதலிலேயே ஊற்றினால் நுரைதான் மிஞ்சும். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள்.

உடுமலைத் தோட்டம்:
நன்றிங்க. படைப்புழு மருந்தையும் இதோடவே கலந்துடலாமா?

களை நிர்வாகம்:
கலக்காதீர்கள். இசி (தண்ணீரில் பால்போலக் கலக்கும்) வகைப் பூச்சிமருந்தில் கரைப்பானும் பால்மமாக்கியும் ஏற்கெனவே உண்டு, அதுவும் சேர்ந்து இலைக்குள் அதிக மருந்தைத் தள்ளும். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் இன்னும் மோசம். மக்காச்சோளம் களைக்கொல்லியைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியையே அவை முடக்கும். அதோடு படைப்புழு மருந்து குருத்துக்குள் இறங்க வேண்டும், களைக்கொல்லி அங்கே போகவே கூடாது. இரண்டையும் ஒரே நாசிலில் எப்படி அடிப்பீர்கள்? தனித்தனியாக, சில நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். நடுவில் டேங்கை நன்றாகக் கழுவிவிடுங்கள்.