டியூஷன் தொண்டர்களின் பின்னணியை எப்படிச் சோதிப்பது? (சுங்கை சிப்புட், மலேசியா)

சிப்புட்வாசி: வணக்கம். கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதி டியூஷன் தொடங்குகிறோம். சொல்லித்தர வருபவர்களில் பாதிப் பேர் வெளியூர். நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால் போதுமா?

கணக்கப்பிள்ளை: அது விஸ்மா புத்ரா, அதாவது வெளியுறவு அமைச்சு தருவது, பெரும்பாலும் வெளிநாடு போகிறவர்களுக்கு. அதை விடுங்க. சமூகநல இலாகாவிடம் சிறார் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு இருக்கு. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதில் தேடித் தரச் சொல்லிக் கேட்கலாம். சிப்புட், கோலகங்சார் மாவட்டம். அந்த மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு முதலில் போன் போட்டு என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்க. தொண்டரின் ஒப்புதல் கடிதமும் ஐசி (அடையாள அட்டை) நகலும் கையில் இருக்கட்டும்.

பெயரை மட்டும் எழுதிக் கொடுக்காதீங்க. சுப்ரமணியம் என்ற ஒரு பெயரையே ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஐசியில் உள்ள 12 இலக்க எண்தான் கணக்கு. வாட்ஸ்அப் படம் வேண்டாம், அசல் கார்டைப் பார்த்து எழுதுங்க. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஒத்து வரலையா, எங்கோ தப்பு.

மாலைவகுப்பு: அண்ணே, பதிவேட்டில் இருப்பது தண்டனை பெற்றவர்கள் மட்டும்தானே? புகார் வந்ததும் "சத்தமில்லாமல் போயிடு" என்று கமிட்டி அனுப்பிவைத்த ஆள் அதில் இருக்க மாட்டார். மானம் போயிடும் என்று அமுக்குவது நம்ம பக்கம் புதுசா என்ன? அதனால் முன்பு தொண்டு செய்த இடத்துக்குப் போன் போடுங்க. அவர் கொடுக்கும் கைப்பேசி எண்ணுக்கு இல்லை. அலுவலக எண்ணை நீங்களே தேடி எடுங்க. "எப்படிப்பட்டவர்?" என்றால் "நல்ல பையன்" என்றுதான் பதில் வரும். "மறுபடியும் பிள்ளைகளோடு விடுவீங்களா?" என்று கேளுங்க. இழுத்தால் அங்கேயே நிறுத்துங்க.

சேர்த்த பிறகு, ஒரு வகுப்புக்குப் பெரியவர் இருவர், கதவு திறந்தே இருக்கணும். எவரும் ஒரு பிள்ளையை மட்டும் மோட்டாரில் ஏற்றிப் போகக் கூடாது. மழை பெய்து, அப்பா வரத் தாமதமாகும் அன்றைக்குத்தான் இந்த விதி உடையும். வீட்டு ஆள் வரும்வரை இருவரும் காத்திருக்கணும்.

சிப்புட்வாசி: தலைவரின் மச்சானும் பட்டியலில் இருக்கார். அவரிடம் எப்படிக் கேட்பது?

கணக்கப்பிள்ளை: முதல் படிவத்தைத் தலைவரே நிரப்பட்டும். அப்புறம் மச்சான் வாய் திறக்க மாட்டார். ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு "டியூஷன் சோதனைக்கு மட்டும்" என்று எழுதிப் பூட்டி வைங்க.

ஏதாவது நடந்துவிட்டால் கமிட்டி பஞ்சாயத்து பண்ண வேண்டாம். சிறார் பாலியல் குற்றச் சட்டம் 2017, பிரிவு 19: தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். நேரே போலிஸ், இல்லையென்றால் 15999 உதவி எண்ணுக்குச் சொல்லுங்க.