மறு: இருந்து விளையாடும் பெட்டியின் இருக்கை – திருத்தினதா, செய்ததா?

கலைச்சொல் குழுவுக்கு வணக்கம்.

பழுது நீக்கின பழைய பொருளுக்கும், அதைப் பார்த்துப் புதிதாகச் செய்த பொருளுக்கும் தமிழில் என்ன சொல் என்று போன கிழமை நான் போட்ட ஒற்றை வரிக் கேள்விக்குப் பதினொரு மடல் வந்திருக்கிறது. அதில் ஏழு, வடமொழி வேண்டுமா வேண்டாமா என்ற பழைய வழக்கு. பிழை என்னுடையதுதான், பொருளைக் காட்டாமல் சொல்லைக் கேட்டுவிட்டேன். இப்போது பலகையை மேசையில் வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானுக்குப் பழைய வீடியோ கேம் பெட்டிகள் சேர்க்கும் பைத்தியம். காசு போட்டால் ஓடும் ஆளுயரப் பெட்டிகள். எண்பதுகளின் காரோட்டப் பெட்டி ஒன்றும் அவனிடம் உண்டு. உள்ளே ஏறி இருந்து, ஸ்ரியறிங் பிடித்து ஓட்டுவது. (எந்த ஆட்டம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் இந்த இழை அந்தப் பக்கம் ஓடிவிடும்.) நிலக்கீழ் அறைக்குள் தண்ணீர் வந்து இருக்கை பழுதாய்ப் போயிற்று. அதைக் கழற்றி, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் சூட்கேசில் நாலு துண்டாக அனுப்பினான். அடிப்பலகை, முதுகுப்பலகை, பக்கத்துண்டு இரண்டு. கொக்குவிலில் எங்கள் பட்டறையில் வேலை நடக்கிறது.

பெட்டி சேர்க்கிறவர்களுக்கு இருக்கை ஏன் அவ்வளவு பெரிய விசயம் என்று ஒருவர் கேட்டிருந்தார். 1972இல் வந்த பொங் நின்று விளையாடுவது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மேசை வடிவிலும் வந்தது, யப்பானியக் கோப்பிக் கடைகளில் சனம் இருந்து விளையாடியது, ஆனால் அந்தக் கதிரை கடைக்காரருடையது. 1982இல் நம்கோ நிறுவனத்தின் காரோட்ட ஆட்டம் போல் பொசிஷன் நிற்கும் பெட்டியாகவும் இருக்கும் பெட்டியாகவும் வந்தது. 1985இல் சேகாவின் ஹாங்-ஒன்னில் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாய வேண்டும். அடுத்த வருடம் அவுட்ரன். இவற்றில் இருக்கை ஆட்டத்தின் உறுப்பு, அது இல்லையென்றால் பெட்டி நொண்டி. இன்னொன்று: அந்த நம்கோ 1955இல் தொழிலைத் தொடங்கியது யோகோகாமாவில் ஒரு கடையின் மொட்டைமாடியில் பிள்ளைகள் ஏறும் ஆட்டக்குதிரை இரண்டு வைத்து. திரைக்கு முந்தியே அங்கே இருக்கை வந்துவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். போன வருடம் மச்சான் வேறொரு பெட்டிக்கு இருக்கை வாங்கினான். விற்றவரும் எங்கட ஆள்தான், தமிழில்தான் பேச்சு. "புதுப்பிச்சது" என்றாராம். வந்தது முழுக்கப் புதுப்பலகை, பழைய மரம் ஒரு சாண் கூட இல்லை. கேட்கப் போனால், "புதுசாக்கித்தானே தந்தனான்" என்று பதில். அவர் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை. விலையில்தான் பிழை, பழைய மரத்துக்கு உள்ள விலையை வாங்கிவிட்டார். பழைய பலகையை வைத்துக்கொண்டு பழுது நீக்குவது ஒன்று. பழையதின் அளவெடுத்துப் புதிதாகச் செய்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் ஆரோ ஒருவர் ஏமாறுவார்.

> மீளுருவாக்கம் என்று வைத்தால் இரண்டையும் அடக்கிவிடலாமே.

அடக்கிவிடும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். யாழ்ப்பாணத்தில் 'மீள்' என்ற முன்னொட்டு வீதியோரப் பெயர்ப்பலகைகளிலேயே தேய்ந்துவிட்டது. மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், மீளெழுச்சி. 'புனர்' அதைவிட மோசம். 1981இல் எரிந்த பொது நூலகத்தின் கட்டடத்தைப் புனரமைத்தார்கள் என்று சொல்லலாம். உள்ளே எரிந்த ஏட்டுச்சுவடிக்கு அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு வராது.

> சீர்ணோத்தாரணம் என்று ஆகமத்திலேயே சொல் இருக்கிறதே.

இருக்கிறது. சிதைந்ததைத் தூக்கி நிறுத்துதல். பொருள் பொருத்தம்தான். ஆனால் றெக்சின் இருக்கைக்கு அதைச் சொன்னால் எங்கள் பட்டறையில் ஐயரைத் தேடுவார்கள்.

> பெட்டிக்கு 'ஆட்டப்பேழை' எப்படி?

சென்னைத் தங்கைச்சிக்கு: காதுக்கு நல்ல சொல். ஆனால் இங்கே 'பேழை' என்றால் முதலில் நினைவுக்கு வருவது நோவாவின் பேழை, அதற்கடுத்தது மரண அறிவித்தல். நான் 'ஆட்டக்கூடு' என்று யோசித்தேன். எங்களுக்கு மணிக்கூடு இருக்கிறது, பட்டணத்தில் மணிக்கூட்டுக் கோபுரமும் இருக்கிறது. பொறியை உள்ளே வைத்து மூடிய மரப்பெட்டிக்குக் 'கூடு' பொருந்தும் என்பது என் கணக்கு. பட்டறையில் மூத்த தச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆட்டுக்கூடோ? ஆட்டுக்குக் கொட்டில் எல்லோ தம்பி?" என்றார். ஆகவே 'விளையாட்டுக்கூடு'. நீளம்தான், ஆனால் ஆடு உள்ளே வராது.

இனிப் பலகைகள். அடிப்பலகை சிப்போட். மரச்சிராயைப் பசையோடு அழுத்திச் செய்தது. தண்ணீர் குடித்ததும் ஓரம் பாண் போல ஊதிவிட்டது, விரலால் கிள்ளினால் உதிர்கிறது. அதில் ஆணி பிடிக்காது, காய வைத்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. முதுகுப்பலகை ஒட்டுப்பலகை (பிளைவுட்), மெல்லிய மரப்படைகளை ஒட்டிச் செய்தது. ஒரு மூலையில் மேல் இரண்டு படை மட்டும் கிளம்பியிருந்தது. பசை விட்டு, இறுக்கி ஒருநாள் வைத்தோம், பிடித்துக்கொண்டது. றெக்சினை உரித்தபோது ஸ்பொஞ்ச் மாவாய்க் கொட்டியது. மடிப்புக்குள் ஒரு கனடா இருபத்தைந்து சதம், கலைமான் போட்டது. எந்தப் பெடியன் இருந்து தேடினானோ.

புது அடிப்பலகைக்கு 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை எடுத்தோம், எட்டடிக்கு நாலடித் தாளில் இங்கே கிடைப்பது அதுதான். பழையது முக்கால் அங்குலம், தச்சர் கணக்கில் ஆறு நூல். அதாவது 19.05 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர்தானே என்று விட முடியாது. இந்தக் கூடுகளின் பலகை ஓரத்தில் பிளாஸ்ரிக் பட்டி ஒன்று ஓடும். அதன் நடுவில் ஒரு முதுகெலும்பு, பலகை ஓரத்தில் வாள் விட்ட கோடு, அதற்குள் தட்டி இறக்குவது. பட்டி ஆறு நூல் அகலம். பலகை மெலிந்தால் பட்டி இரண்டு பக்கமும் உதடு போல நீட்டி நிற்கும், காற்சட்டை மாட்டும். மூத்தவர் ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்ப் போர்மைக்காத் துண்டு ஒன்று வாங்கி வந்து அடிப்பக்கத்தில் ஒட்டினார். பட்டி உட்கார்ந்துவிட்டது. அசலில் போர்மைக்கா இல்லை. அப்படியானால் இது அசலின் படியா இல்லையா? இந்தக் கேள்வியோடுதான் நான் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை.

அவரிடமே கேட்டேன். எதைத் திருத்தினது என்பீர்கள், எதைச் செய்தது என்பீர்கள்?

"துளையைப் பார். பழைய துளையிலை பழைய போல்ற் போனால் திருத்தினது. நான் துளை போட்டால் செய்தது."

இதைவிடத் தெளிவான வரையறையை நான் எந்த அகராதியிலும் காணவில்லை. றெக்சின் மாறலாம், ஸ்பொஞ்ச் மாறலாம், படை ஒட்டலாம். கூட்டோடு பலகையைப் பிணைக்கும் துளை பழையதாக இருந்தால் அது பழைய இருக்கைதான். எங்கள் முதுகுப்பலகையில் நாலு துளையும் பழையது, போல்ற் பூட்ட உள்ளே அடித்த இரும்பு ரீ நட் கூடக் கறளோடு அப்படியே நிற்கிறது. அடிப்பலகையில் ஆறும் நாங்கள் போட்டது.

ஆகவே என் முன்மொழிவு. முதல் வகைக்குப் புதுச்சொல் கட்டவே வேண்டாம். சைக்கிள் திருத்துகிறோம், மணிக்கூடு திருத்துகிறோம், வீதியில் 'திருத்த வேலை' என்று பலகை வைக்கிறார்கள். இருக்கையையும் திருத்தலாம். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வேலை செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் எழுதப் புகுந்தபோதும் முதலில் ஊரில் உள்ள தமிழ்ச் சொல்லைத்தான் தேடினார், அது இல்லாத இடத்தில்தான் அடுத்த படிக்குப் போனார். எங்களுக்கு இல்லாதது இரண்டாம் வகைக்கு மட்டும். 'பிரதி' என்றால் போட்டோக்கொப்பி. 'போலி' என்றால் களவு. 'ஈடு' என்று ஒருவர் எழுதியிருந்தார், இங்கே ஈடு வைப்பது நகையையும் காணியையும். படி எடுத்துச் செய்த உரு என்ற பொருளில் 'படியுரு' என்று வைக்கலாமா?

கொக்குவிலிலிருந்து

---

தம்பிக்கு,

கோப்பாயிலிருந்து எழுதுகிறேன். படியுரு எனக்குச் சரி. திருத்தம் என்பதில் ஒரு சின்ன ஐமிச்சம் உண்டு. நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான், எனக்கு அந்தச் சொல்லில் சிவப்பு மை மணக்கும். ஆனாலும் வழக்கில் உள்ள சொல்லை என் மூக்குக்காக மாற்ற வேண்டாம்.

சிப்போட்டுக்கும் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். எங்கள் பாடநூல்களில் 'துணிக்கை' இருக்கிறதே, துணிக்கைப்பலகை. அக்கரையில் துகள் என்பார்கள், அது அவர்கள் பாடு. அவர்களுக்குத் திசு, எங்களுக்கு இழையம். அவர்களுக்கு அழுத்தம், எங்களுக்கு அமுக்கம். இதில் சண்டை பிடித்து ஒருவரும் வென்றதில்லை.

கதிரை, இருக்கை இரண்டில் எது என்று முந்தி ஒருவர் கேட்டார். கதிரை போர்த்துக்கீசர் விட்டுப்போனது. அதற்குக் கால் உண்டு, தூக்கி வைக்கலாம். கூட்டோடு பூட்டியது இருக்கை. அவ்வளவுதான்.

---

அண்ணா, ஐயா, இருவருக்கும் வணக்கம்.

பேழையை வாபஸ் வாங்கிக்கறேன். மரண அறிவிப்பு விஷயம் எனக்குத் தெரியாது.

ஒரு ஐயம். இங்கே தொல்லியல் பக்கம் 'மீட்டுருவாக்கம்'னு ஒரு சொல் புழங்குது. கிடைச்ச ஓட்டுச் சில்லுகளை வெச்சு முழுப் பானையை வரைஞ்சு காட்டறது. அது உங்க ரெண்டு வகையிலயும் சேராது. பழசும் இருக்கு, ஊகமும் இருக்கு. உங்க இருக்கைக்கும் அதே நிலைமைதானே? முதுகு திருத்தினது, அடி படியுரு. ரெண்டையும் சேர்த்துப் பூட்டின முழு இருக்கைக்கு என்ன பேர்?

அப்புறம் மரம் சீவற கருவிக்கு எங்க பக்கம் இழைப்புளி. உங்க பட்டறையில என்ன சொல்வாங்க?

---

தங்கச்சி,

சீவுளி. இழைப்புளி என்றாலும் விளங்கும், சிரிப்பார்கள்.

முழு இருக்கைக்குப் பெயர் என்ன என்ற கேள்விதான் கெட்டிக்காரக் கேள்வி. எனக்கு விடை வரவில்லை என்று ஒத்துக்கொள்ளப் போன நேரத்தில் மச்சான் தொலைபேசியில் வந்தான். அவனுக்கு முழுசுக்குப் பெயர் தேவையில்லையாம். பெட்டி சேர்க்கிறவர்கள் உறுப்பு உறுப்பாகத்தான் பார்ப்பார்கள். திரை அசல், ஸ்ரியறிங் அசல், பக்கத்து ஒட்டுப்படம் புதுசு என்று பட்டியல் போட்டுத்தான் விலை பேசுவார்கள். ஆகவே சொல் பலகைக்குத்தான், இருக்கைக்கு அல்ல. விற்கிறவர் முழுசையும் ஒரு சொல்லால் மூடும்போதுதான் ஏமாற்று உள்ளே நுழைகிறது என்றான். அவன் அனுபவப்பட்டவன். நான் ஏற்றுக்கொண்டேன்.

கோப்பாய் ஐயா வைத்த 'துணிக்கைப்பலகை' பட்டியலில் சேர்ந்தது. பட்டறையில் சிப்போட் சிப்போட்டாகவே இருக்கும், அதை மாற்ற என்னால் ஏலாது.

நேற்று பின்னேரம் நாலு பலகையையும் றெக்சின் போட முந்தி அடிப்பக்கத்தில் எழுதச் சொன்னேன். முதுகுப்பலகையின் பின்னால் யாரோ ஒரு தொழிற்சாலை ஆள் அந்தக் காலத்தில் பென்சிலால் கீறிய அம்புக்குறி ஒன்று இன்னும் நிற்கிறது, மேல்பக்கம் எது என்று காட்ட. மூத்தவர் அதை அழிக்காமல் பக்கத்தில் 'திருத்தினது' என்று எழுதினார். பக்கத்துண்டு இரண்டிலும் அதையே. அடிப்பலகையைத் திருப்பினார், போர்மைக்காவில் பென்சில் பிடிக்கவில்லை. ஓரத்தில் மரம் தெரியும் இடத்தில், பட்டி இறங்கும் கோட்டுக்கு மேலே 'படி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டார்.

உரு எங்கே என்றேன்.

"படி எண்டாலே விளங்குது. உரு ஏன்?"

பட்டியலில் 'படியுரு' என்று ஏற்றிவிட்டேன். பக்கத்தில் 'பட்டறை வழக்கு: படி' என்றும் ஒரு வரி போடட்டா, ஐயா?