ஆய்வேடுகளைப் பழைய டிஸ்பேஸிலிருந்து (நூலகங்கள் ஆய்வேடுகளை இணையத்தில் சேமித்துத் தரும் மென்பொருள்) புதிய டிஸ்பேஸுக்கு மாற்றும்போது எங்கெல்லாம் இடறும்? சில ஊர்களிலிருந்து வந்த பதில்கள்:

காட்பாடியிலிருந்து:
முதலில் ஹேண்டில் எண்ணைப் பாருங்கள்; ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் நிலையான இணைய முகவரி தருவது அதுதான். நிறுவும்போது தானாக வரும் 123456789 முன்னொட்டைப் பல நூலகங்கள் மாற்றாமலே விட்டிருக்கும். அது பதிவு பெற்ற எண் இல்லை. ஆனாலும் மாணவர்கள் அந்த முகவரியைத்தான் மேற்கோளில் கொடுத்திருப்பார்கள். ஏற்றுமதியில் ‘மைக்ரேட்’ விருப்பத்தைப் போட்டால் பழைய எண் உதிர்ந்துவிடும், போடாதீர்கள். அந்த விருப்பம் இல்லாமல் எடுத்தால் ஒவ்வோர் ஆய்வேட்டின் ஃபோல்டரிலும் ‘ஹேண்டில்’ என்று ஒரு சிறு ஃபைல் இருக்கும்; புதிய இடத்திலும் அதே எண் கிடைக்க அது போதும். இறக்குமதியில் எந்த ஃபோல்டர் எந்த எண்ணில் ஏறியது என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலை மட்டும் பத்திரமாக வையுங்கள். பாதியில் நின்ற இறக்குமதியைத் தொடரவும், தப்பாக ஏற்றியதை மொத்தமாக நீக்கவும் அது வேண்டும்.

வாலாஜாவிலிருந்து:
தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களைத் திருத்த டிஸ்பேஸிலிருந்து எடுக்கும் அட்டவணை ஃபைலான சி.எஸ்.வி.யை எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்தீர்களோ, தமிழ்த் தலைப்பெல்லாம் குப்பையாகிவிடும். லிப்ரே ஆபீஸில் எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்று தேர்ந்து திறங்கள். அதைவிட ஆபத்து காலிக் கட்டம்: ‘மாற்றாதே’ என்று நாம் நினைப்போம், டிஸ்பேஸ் ‘அழி’ என்று எடுத்துக்கொள்ளும். தொடாத நெடுவரிசைகளை நீக்கிவிட்டே ஏற்றுங்கள், ஒரு தடவைக்கு 1000 வரிக்குள்.

பெயர் இன்னொரு தலைவலி. எஸ். குமார், குமார் எஸ்., குமார் எஸ் என்று மூன்று விதமாக இருந்தால் ஆசிரியர் பட்டியலில் மூன்று பேர். பெயர், காற்புள்ளி, முன்னெழுத்து என ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். நெறியாளர் பெயரை ஆசிரியர் புலத்தில் (விவரம் நிரப்பும் இடத்தில்) போட்டிருப்பார்கள். அதற்கென ‘அட்வைசர்’ புலம் தனியாக இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:
யூனிகோடுக்கு முந்திய தமிழ் ஆய்வேடுகளில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பாமினி மாதிரி எழுத்துருவில்தான் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தேடலில் ஒன்றும் சிக்காது. பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் (ஓ.சி.ஆர்.) மென்பொருளான ‘ஓ.சி.ஆர்.மைபி.டி.எஃப்.’ இங்கே ‘ஏற்கெனவே எழுத்து இருக்கிறது’ என்று நின்றுவிடும். ‘ஃபோர்ஸ் ஓ.சி.ஆர்.’ கொடுத்து, மொழியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்கேன் பிரதி என்றால் 300 டி.பி.ஐ.க்குக் குறையக் கூடாது. மூலக் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:
இடப்பெயரை யாரும் கவனிப்பதில்லை. 1989க்கு முந்திய ஆய்வேட்டில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். 2019க்கு முந்திய இருபது ஆண்டுகளில் வந்த ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடுதல் பற்றிய ஏடுகளில் ‘வேலூர் மாவட்டம்’. இன்று அந்த ஊர்கள் திருப்பத்தூர் மாவட்டம். தலைப்பில் கை வைக்காமல், இன்றைய மாவட்டத்தையும் ஊரையும் இடப் புலத்தில் கூடுதலாகச் சேர்க்கலாம். சி.எஸ்.வி.யில் ஒரே கட்டத்தில் வரும் இரண்டு மதிப்புக்கு நடுவே இரட்டைச் செங்குத்துக் கோடு (||). ஒற்றைக் கோடு போட்டால் இரண்டும் ஒட்டி ஒரே ஊராகிவிடும்!

காட்பாடியிலிருந்து, மறுபடி:
தடைக்காலம் உள்ள, அதாவது குறிப்பிட்ட நாள்வரை பொதுவில் திறக்கக் கூடாத, ஏடுகளை முன்கூட்டியே தனிப் பட்டியல் எடுங்கள். ஏற்றிய அன்றே, லாகின் செய்யாத பிரவுசரில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பி.டி.எஃப். இறங்கினால் அந்த நொடியே பூட்டுங்கள்.