மருந்தால் வந்த நீரிழிவுக்கு ஒரு சொல் தேவை, வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர், அங் மோ கியோ:

குழுவினருக்கு வணக்கம். மருத்துவ உரைபெயர்ப்பு வகுப்புக்கான கையேட்டில், அமெரிக்க நோய்க்குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மிலிருந்து ஒரு பக்கம் வருகிறது. குறியீடு ஈ09.3. மருந்தோ வேதிப்பொருளோ காரணமாக வந்த நீரிழிவு, அதோடு கண் சிக்கல்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் உள்ள 'ட்ரக் இண்டியூஸ்டு' என்பதைக் கணினி 'போதைப்பொருள் தூண்டிய நீரிழிவு' என்று மொழிபெயர்த்துத் தந்தது. சிங்கப்பூரில் இது அச்சேறினால், மூட்டுவாதத்துக்கு ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட பாட்டி போதைப்புழங்கி ஆகிவிடுவார். 'மருந்துத் தூண்டல் நீரிழிவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிடோக்:

தூண்டல் வேண்டாம் அம்மா. உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு அது மின்காந்தத் தூண்டல். மேலும் தூண்டுதல் என்பது வேண்டுமென்றே செய்வது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஒருவனைச் சண்டைக்குத் தூண்டுகிறோம். மருந்து அப்படி எதையும் கருதிச் செய்யவில்லை. பக்கவிளைவு என்ற சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. அந்த 'விளை'யை எடுத்துக்கொள்ளுங்கள்: மருந்துவிளை நீரிழிவு. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

நீரிழிவு என்ற சொல்லிலேயே இழிவு இருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இழிதல் என்றால் கீழே இறங்குதல், வீழ்தல். 'தலையின் இழிந்த மயிரனையர்' என்ற குறளில் மயிர் தலையிலிருந்து விழுகிறது. மலையிலிருந்து அருவி இழிகிறது. டயாபிடிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே கடந்து ஓடுவது என்பதே பொருள். நோயாளியின் உடலில் நீர் தங்காமல் இறங்கிப் போவதைக் கண்ணால் கண்டு வைத்த பெயர் நம்முடையது. அதைக் கைவிடக்கூடாது.

இலக்கண ஆர்வலர், செங்காங்:

ஐயா, நெல்விளை நிலம் என்றால் விளைவது நெல். அப்படியானால் மருந்துவிளை நீரிழிவில் விளைவது மருந்து. உங்கள் வினைத்தொகை நோயையும் காரணத்தையும் தலைகீழாக்குகிறது.

எங்கள் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் நீரிழிவைச் சலரோகம் என்பார்கள். அங்கே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அந்த மரபை மறந்துவிட்டு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. சித்த மருத்துவத்தில் மதுமேகம் என்ற பெயரும் இருக்கிறது.

தாதி, ஈசூன்:

மதுமேகம் என்று சொன்னால் என் நோயாளிகள் குடியைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைப்பார்கள். அவர்கள் சொல்வது சர்க்கரை. மலேசியாவிலிருந்து வந்த குடும்பங்களில் இனிப்புநீர். நீரிழிவு எல்லாருக்கும் புரியும், அரசாங்கத் துண்டறிக்கைகளில் வருவதும் அதுதான்.

என் கவலை வேறு. எந்தச் சொல்லைப் போட்டாலும், 'மருந்துதான் இந்த நோயைக் கொடுத்தது' என்று படித்தவுடன் அடுத்த வேளை மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடலில், அதே வகைச் சுரப்பைத் தரும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. சிறுநீரக மாற்று செய்தவர், உடல் அதை ஒதுக்காமலிருக்கத் தரும் டக்ரோலிமஸை நிறுத்தினால் புதுச் சிறுநீரகம் போய்விடும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்ற வரி அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

மருத்துவக் குறியீட்டாளர், ஜூரோங்:

நீங்கள் எல்லாரும் முன்பாதியில் நிற்கிறீர்கள். எனக்குச் சிக்கல் 'கண் சிக்கல்களுடன்' என்பதில்தான். அமெரிக்க விதிப்படி அந்த 'உடன்' வந்தால், நீரிழிவால்தான் கண் கெட்டது என்று கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதியிருந்தால் விலக்கு. ஆனால் ஸ்டீராய்டு நீரிழிவே இல்லாதவருக்கும் கண்புரையைக் கொண்டுவரும், பெரும்பாலும் கண் வில்லையின் பின்புறத்தில். அதற்குத் தனிக் குறியீடு, எச்26.3. மருத்துவர் 'ஸ்டீராய்டு, சர்க்கரை, கண்புரை' என்று மூன்று சொல்லை வரிசையாக எழுதிவிட்டுப் போனால் எது எதனால் வந்தது? அவரிடமே திரும்பக் கேட்கத்தான் வேண்டும். விழித்திரை நோயில் இந்தக் குழப்பம் குறைவு.

வரிசையும் முக்கியம். மருந்தைச் சொன்னபடி சாப்பிட்டு வந்த நீரிழிவென்றால் ஈ09 முதலில், ஸ்டீராய்டின் பாதகவிளைவுக்கான டி38.0எக்ஸ்5 அடுத்து. தவறான அளவில் உண்டு நஞ்சானால், நஞ்சாதலுக்கான டி குறியீடு முதலில் வரும்.

இன்னொன்று. நம் மருத்துவமனைகள் பின்பற்றும் ஆஸ்திரேலியப் பதிப்பில் ஈ09 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. மருந்தால் வந்த நீரிழிவு அங்கே ஈ13இல் போகும். கையேட்டில் எண்ணை மட்டும் போட்டால் மாணவர்கள் தடுமாறுவார்கள். எந்தப் பதிப்பு என்று கட்டாயம் எழுதுங்கள்.

தமிழாசிரியர்:

அருமையான கேள்வி. நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று பொருள் சொல்கிறது. 'மருந்தால்' என்பதும் 'சிக்கலுடன்' என்பதும் ஒரே வேற்றுமைதான். காரணமும் துணையும் ஒரே வீட்டில் இருப்பதை நம் இலக்கணம் முன்பே கண்டிருக்கிறது.

நெல்விளை நிலத்துக்கு நான் தலைவணங்குகிறேன். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் முதல் என்றால் காரணம். ஆகவே மருந்துமுதல் நீரிழிவு.

தாதி:

ஐயா, மன்னிக்கவும். சென்னை முதல் குமரி வரை என்பதுபோல, மருந்து முதல் நீரிழிவு வரை என்றுதான் எனக்குக் கேட்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:

நேரம் போய்விட்டது. 'மருந்தால் ஏற்பட்ட நீரிழிவு – கண் சிக்கல்களுடன்' என்றே அனுப்புகிறேன். உங்கள் பரிந்துரைகள் எதிலும் எல்லாரும் இசையவில்லை. 'உடன்' பற்றிய விளக்கம், பதிப்பின் பெயர், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை மூன்றும் அதே பக்கத்தில் வரும். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவை மாக்குலா என்றே விட்டுவிட்டேன்.

தமிழாசிரியர்:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் 'ஏற்பட்ட' என்பதில் உயிர் இல்லை. விபத்தும் ஏற்படும், நெரிசலும் ஏற்படும். பெயரெச்சத் தொடர் அகரவரிசைப் பட்டியலில் தலைச்சொல்லாக நிற்பதும் கடினம். மருந்துமுதல் என்பதை அடுத்த பதிப்புக்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இலக்கண ஆர்வலர்:

'முதல்' ஏற்கத்தக்கதல்ல என்பதையும் சேர்த்துப் பதியவும். சலரோகம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.