பொருள்: கலைச்சொல் – புரொசெசர், கிராபிக்ஸ் கார்ட் பொருத்தத்தில் "ஒடுங்கிடம்"

அன்புள்ள குழுவினருக்கு, மட்டக்களப்பிலிருந்து வணக்கம். கணினியில் ஒரு பாகம் மெதுவாக இருந்து மற்றதைக் காக்க வைப்பதை ஆங்கிலத்தில் bottleneck என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> "போத்தல் கழுத்து" என்று வைத்தால் எல்லோருக்கும் விளங்கும்தானே?

விளங்காது ஐயா. ஆங்கிலச் சொல்லை முன்பே அறிந்தவருக்கு மட்டுந்தான் விளங்கும். அண்மையில் மருமகனின் கேமிங் கணினியைப் பார்த்தேன். கணக்குப் போடும் பாகமான புரொசெசர் பழைய நாலு கோர், அதோடு படம் வரையும் பாகமாகப் புதிய ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்ட் போட்டிருக்கிறான். "இவ்வளவு காசு போட்டும் ஏன் மாமா கேம் இழுக்குது?" என்று கேட்டான். போத்தல் கழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர்க் கல்லடிப் பழைய பாலம் என்றதும் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் அதில் காத்து நின்றவன்.

(செயலி என்றால் இப்போது பலர் கைபேசி ஆப்பை நினைக்கிறார்கள். அதனால் புரொசெசர் என்றே எழுதுகிறேன். அது வேறு விவாதம்.)

1924 இல் திறந்த அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். இரண்டு கரையிலும் வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும், பாலம் விடுகிற அளவுதான் ஊர் நகரும். 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் அது தீர்ந்தது.

கணினியிலும் இதே கணக்குத்தான். திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் (frame) ஆட்டத்தின் நகர்வுகளைக் கணித்து, எதை வரைவது என்று புரொசெசர் சொல்ல வேண்டும். கார்ட் அதை வரையும். புரொசெசருக்கு 12 மில்லிசெக்கன், கார்டுக்கு 7 மில்லிசெக்கன் என்று வைப்போம். கார்ட் தனியே செக்கனுக்கு ஏறக்குறைய 140 சட்டம் வரையக்கூடியது. ஆனாலும் புரொசெசர் செக்கனுக்கு 83 சட்டத்துக்குத்தான் கணித்துக் கொடுக்கும், ஆகவே திரைக்கு வருவதும் 83 தான். இதைவிடப் பெரிய கார்ட் வாங்கினாலும் அந்த 83 ஏறாது. மருமகனைப் போன்ற பிள்ளைகள் காசை இழப்பது இந்த இடத்தில்தான். ஒரு நல்ல சொல் இருந்தால் வாங்குமுன்பே கேட்டிருப்பான் என்பது என் ஆதங்கம்.

அதே கணினியில் 1080 திரையைக் கழற்றி அதைவிட நுணுக்கமான 4கே திரை மாட்டினால் வரைய வேண்டிய புள்ளிகள் நாலு மடங்காகும். புரொசெசரின் வேலை பெரிதாய் ஏறாது, கார்டின் வேலை ஏறிவிடும். இப்போது காக்க வைப்பது கார்ட். ஆக, நாம் தேடும் சொல் பழுதைக் குறிக்கக்கூடாது, இடம் மாறக்கூடியதையும் தாங்க வேண்டும்.

முன்மொழிந்தவற்றில் "தடங்கல்" ஏதோ உடைந்ததுபோல் ஒலிக்கிறது. "நெரிசல்" பாலத்துக்குப் பின்னால் நிற்கும் வரிசை, பாலம் அல்ல. "ஒடுக்கம்" கிட்ட வருகிறது, ஆனால் ஒடுக்குமுறையின் நிழல் அதில் விழுகிறது.

என் முன்மொழிவு: ஒடுங்கிடம். ஒடுங்கிய பாதை, ஒடுங்கிய பாலம் என்று நாம் நாளும் சொல்வதிலிருந்து எடுத்தது. வினைத்தொகை என்பதால் ஒடுங்கிய, ஒடுங்குகின்ற, ஒடுங்கும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இடம் மாறும் பொருளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தை முன்னின்று நடத்திய விபுலானந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். புழங்கும் வேரிலிருந்து சொல் எடுக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

"1080 இல் ஒடுங்கிடம் புரொசெசர், 4கே இல் ஒடுங்கிடம் கார்ட்." எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. வினையாக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். "புரொசெசர் ஒடுங்குகிறது" என்றால் அதுவே சுருங்குவதாகப் பொருள்படும். "புரொசெசரில் ஒடுங்குகிறது" என்று ஏழாம் வேற்றுமை போட்டால் சரிவருமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.